பதிவுக்குப் பதிவு காசா, ஆண்டுச் சந்தாவா? டர்பன் பங்காளியைத் தேடும் வாசகிக்கு ஒரு வழக்கறிஞரின் பதில்

மேலூரை அடுத்த ஒரு கிராமத்திலிருந்து 61 வயது வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய தாத்தாவின் பெரியப்பா 1890களில் ஒப்பந்தக் கூலியாகத் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கப்பல் ஏறினார், திரும்பவில்லை என்பது குடும்பத்தில் சொல்லப்பட்டு வரும் செய்தி. சென்ற ஆண்டு அங்குள்ள டர்பன் நகரிலிருந்து ஒருவர், "நான் அவருடைய கொள்ளுப்பேரன்" என்று எழுதி, முன்னோரைத் தேட உதவும் ஒரு வம்சாவளி இணையதளத்தில் தாம் தொகுத்த குடும்ப மரத்தையும் அனுப்பியிருக்கிறார். அது உண்மைதானா என்று பார்க்க, வாசகி அதே தளத்தில் 14 நாள் இலவசச் சோதனையில் சேர்ந்திருக்கிறார். கார்டு, ஓசூரில் வேலை பார்க்கும் மகனுடையது. ரத்து செய்ய மறந்துவிட்டார். 15ஆம் நாள் ஆண்டுச் சந்தாவாக 13,800 ரூபாய் பிடிக்கப்பட்டுவிட்டது. சந்தா இல்லாத இன்னொரு தளம், பார்க்கும் ஒவ்வொரு ஆவணத்துக்கும் தனித்தனியே காசு கேட்கிறது.

அவர் கேட்பவை நான்கு. போன பணம் திரும்புமா? சந்தா, தனித்தனிக் கட்டணம் இரண்டில் எது லாபம்? அரசாங்கப் பதிவேடுகளைக் காட்டத் தனியார் காசு வாங்கலாமா? நான்காவது கேள்வி அண்ணனுடையது: "இதையெல்லாம் தோண்டாதே. உறவு உறுதியானால் டர்பன்காரர் நிலத்தில் பங்கு கேட்பார்" என்கிறாராம்.

அம்மா, உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்தது, அந்தக் குடும்ப மரத்தைப் பார்த்தவுடனே நம்பிவிடாமல் சரிபார்க்க நினைத்தது. வம்சாவளித் தளங்களில் இருக்கும் மரங்களில் பெரும்பாலானவை யாரோ ஒருவர் இன்னொருவரைப் பார்த்து எழுதியவை. மூல ஆவணம் வரை போய்ப் பார்ப்பவர்கள் குறைவு. நீங்கள் போக விரும்புகிறீர்கள். அந்த வழியில் வீண்செலவு இல்லாமல் போவது எப்படி என்று சொல்ல முயல்கிறேன்.

போன பணம்

"ஓடிபி கூட வராமல் எடுத்துவிட்டார்கள், இது திருட்டுதானே" என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கோபம் புரிகிறது. ஆனாலும் இதைத் திருட்டு என்று எழுதிப் புகார் கொடுத்தால் புகார் முதல் வாசலிலேயே நின்றுவிடும். தானாகப் பணம் பிடிக்கும் ஏற்பாடுகளுக்கு ரிசர்வ் வங்கியின் விதிமுறை 2021 அக்டோபர் 1 முதல் கண்டிப்பாக நடைமுறையில் இருக்கிறது. வெளிநாட்டு நிறுவனத்துக்குப் போகும் பணத்துக்கும் அது பொருந்தும். அதன்படி ஏற்பாட்டை முதன்முதலில் பதியும்போது ஓடிபி வேண்டும். அதற்குப் பிறகு 15,000 ரூபாய் வரையிலான தொகைக்கு ஒவ்வொரு முறையும் ஓடிபி தேவையில்லை. சோதனைக் காலத்தில் சேர்ந்த அன்று மகனிடம் கேட்டு ஓடிபி போட்டிருப்பீர்கள். சந்தாவுக்கான சம்மதமும் அதிலேயே அடங்கிவிட்டது.

அதே விதிமுறையில் உங்களுக்குச் சாதகமான பகுதியும் உண்டு. பணம் பிடிப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பே, இன்ன நிறுவனம், இவ்வளவு தொகை, இந்தத் தேதி என்று கார்டு வைத்திருப்பவருக்குக் குறுஞ்செய்தியோ மின்னஞ்சலோ வந்திருக்க வேண்டும். அந்தப் பிடித்தத்தை நிறுத்தும் வழியும் அதில் இருக்க வேண்டும். கார்டு மகனுடையது என்பதால் செய்தி அவர் கைபேசிக்குத்தான் போயிருக்கும். அந்த வாரத்துக் குறுஞ்செய்திகளையும் மின்னஞ்சல்களையும் அவர் தேடிப் பார்க்கட்டும். முன்னறிவிப்பு வரவே இல்லையென்றால், வங்கியிடம் கேட்க உங்களுக்கு வலுவான காரணம் இருக்கிறது. வந்திருந்து அவர் கவனிக்காமல் விட்டிருந்தால், தளத்தின் நல்லெண்ணத்தை நம்பித்தான் கேட்க வேண்டியிருக்கும்.

எப்படியிருந்தாலும் இன்றே இரண்டு வேலைகளை முடித்துவிடுங்கள். தளத்தில் தானியங்கிப் புதுப்பித்தலை ரத்து செய்யுங்கள். மகன் தம் வங்கியின் செயலிக்குள் போய் இந்த நிறுவனத்துக்கான தானியங்கிப் பிடித்த ஏற்பாட்டை நீக்கட்டும். ஒன்றை மட்டும் செய்துவிட்டு இருந்துவிட வேண்டாம். பிறகு தளத்துக்கு ஒரு மின்னஞ்சல்: சோதனை முடிந்தது தெரியாமல் சந்தா தொடங்கிவிட்டது, பணம் பிடித்த பிறகு ஆவணம் எதையும் திறக்கவில்லை, தொகையைத் திருப்பித் தர வேண்டுகிறேன் என்று. ஆவணம் எதையும் திறக்கவில்லை என்பது மெய்யாக இருக்க வேண்டும். ஆகவே பதில் வரும் வரை அந்தக் கணக்கில் எதையும் தேடாதீர்கள். ஒரு பத்து நாள் பொறுங்கள். பணம் தர மறுத்துவிட்டால், போனது போகட்டும் என்று விட்டுவிடாமல், அந்தச் சந்தாவை ஆண்டு முடியும் வரை முழுமையாகப் பயன்படுத்துங்கள். அது கையில் இருக்கும்போது இன்னொரு தளத்தில் தனித்தனியாகக் காசு கட்டத் தொடங்க வேண்டாம்.

நுகர்வோர் சட்டம் பற்றியும் கேட்டிருந்தீர்கள். இலவசச் சோதனையில் எளிதாகச் சேர்த்துக்கொண்டு, வெளியேறும் வழியை ஒளித்து வைப்பது 'சந்தாப் பொறி'. 2023 நவம்பர் 30 அன்று அறிவிக்கப்பட்ட மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டுதல்கள் தடை செய்த 13 ஏமாற்று உத்திகளில் அதுவும் ஒன்று. சேரும் பக்கத்தில் தொகையும் தேதியும் தெளிவாக இருந்தனவா, ரத்து செய்யும் பொத்தான் எத்தனை பக்கங்களுக்குப் பின்னால் இருக்கிறது என்பதைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தெளிவாக இருந்திருந்தால் உங்கள் வழக்கு பலவீனமானது. ஒளித்து வைத்திருந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் பதியுங்கள். அதற்கும் பலன் இல்லையென்றால் மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நீங்கள் வசிக்கும் இடத்திலேயே வழக்கு போடலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது. கால வரம்பு இரண்டு ஆண்டுகள். ஆனாலும் வெளிநாட்டு நிறுவனத்தின் மீது ஓர் உத்தரவை வாங்குவதற்கும் அதை நிறைவேற்றுவதற்கும் நடுவே நெடுந்தூரம் இருக்கிறது. 13,800 ரூபாய்க்கு அந்தத் தூரம் நடக்க வேண்டுமா என்பதை உங்கள் உடல்நிலையையும் பார்த்து முடிவு செய்யுங்கள்.

எது லாபம்?

இந்தக் கேள்வியைப் பலரும் விலையைப் பார்த்துத் தீர்க்கப் பார்க்கிறார்கள். என்ன தேடுகிறோம் என்பது நமக்கு எவ்வளவு தெளிவாகத் தெரியும் என்பதுதான் இதைத் தீர்க்கும்.

நம் பத்திரப்பதிவு அலுவலகத்தில் வில்லங்கச் சான்று கேட்டு விண்ணப்பித்திருப்பீர்கள். எத்தனை ஆண்டுகளுக்குத் தேட வேண்டுமோ அத்தனை ஆண்டுகளுக்கும் தேடுதல் கட்டணம். சர்வே எண்ணும் காலமும் சரியாகத் தெரிந்தவருக்கு அது மலிவு. தோராயமாகத் தேடுகிறவருக்குச் செலவு ஏறிக்கொண்டே போகும். பார்வைக்குப் பார்வை காசு வாங்கும் தளங்களும் இப்படித்தான்.

இந்த முறையை நேர்மையாக நடத்தும் தளத்துக்கு எடுத்துக்காட்டு, ஸ்காட்லாந்து அரசின் 'ஸ்காட்லாண்ட்ஸ் பீப்பிள்'. பெயர் அட்டவணையில் தேடுவது இலவசம். பதிவேட்டின் படத்தைத் திறந்தால்தான் காசு. 7.50 பவுண்டுக்கு 30 புள்ளிகள் வாங்கலாம். ஒரு பிறப்பு, திருமண, இறப்புப் பதிவின் படத்துக்கு 6 புள்ளிகள், அதாவது ஒன்றரை பவுண்டு. வாங்கிய படம் உங்கள் கணக்கிலேயே இருக்கும். உங்களுக்கு அந்தத் தளத்தில் வேலை இல்லை. காசு கொடுக்கும் முன் எவ்வளவு விவரம் காட்டுகிறார்கள், புள்ளிகள் எப்போது காலாவதியாகும், வாங்கிய படத்தை மறுபடி பார்க்கலாமா என்ற மூன்றையும் எந்தத் தளத்திலும் முதலில் பாருங்கள். புள்ளிகள் சில மாதங்களில் காலாவதியாகும் தளத்தில் பெரிய பொதியாக வாங்கவே வாங்காதீர்கள்.

இப்போது உங்கள் நிலைமைக்கு வருவோம். நேட்டாலுக்குப் போன நம் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. ஒரு பெயர், தந்தை பெயர், அவ்வளவுதான். அதையும் எழுத்தர் தம் காதில் விழுந்தபடி எழுதினார். கருப்பன் ஓரிடத்தில் கருப்பேன், இன்னோரிடத்தில் கார்ப்பன். மேலூர் என்ற ஊர்ப்பெயரே மெயிலூர் என்றும் மெலோர் என்றும் மாறும். இந்த நிலையில் ஒரு படத்துக்கு 150 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 40 கருப்பன்களைத் திறந்து பார்த்தால் 6,000 ரூபாய் போய்விடும், உங்களவர் அந்த 40 பேரில் இல்லாமலும் இருக்கலாம். துழாவித் தேடுகிறவருக்குச் சந்தாதான் ஏற்றது. போன பணம் திரும்பி வந்துவிட்டால், மறுபடி ஆண்டுச் சந்தா வேண்டாம். தேட வேண்டிய பெயர்கள், எழுத்து மாற்றங்கள், ஆண்டுகள் எல்லாவற்றையும் முன்கூட்டியே தாளில் எழுதி வைத்துக்கொண்டு, ஒரே ஒரு மாதம் கட்டி, சேர்ந்த அன்றே புதுப்பித்தலை ரத்து செய்துவிட்டுத் தேடுங்கள். கிடைக்கும் ஒவ்வொரு படத்தையும் அன்றன்றே இறக்கி வையுங்கள். சந்தா முடிந்த பிறகு நீங்கள் கட்டிய மரம் தளத்தில் இருக்கும், அதில் இணைத்த ஆவணங்கள் திறக்காமல் போகலாம்.

விலையை ஒப்பிடும்போது அந்நியச் செலாவணி மாற்றத்துக்கு வங்கி எடுப்பதையும், வெளிநாட்டு இணையச் சேவைக்கான 18 சதவீத ஜிஎஸ்டியையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். முதல் பக்கத்தில் தெரியும் தொகையில் இவை பல நேரம் இருப்பதில்லை.

அதற்கும் முன்னால், காசில்லாமல்

உண்மையைச் சொன்னால், உங்களுக்கு இந்த இரண்டுமே உடனடியாகத் தேவையில்லை.

சென்னையிலிருந்து கிளம்பி 1860 நவம்பரில் டர்பனை அடைந்த 'ட்ரூரோ' கப்பல் தொடங்கி 1911 வரை நேட்டாலுக்குப் போன ஒப்பந்தத் தொழிலாளர் 1,52,184 பேர். அவர்கள் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுக்கப்பட்டது. கப்பல் பட்டியலில் அந்த எண்ணோடு பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடல் அடையாளம் என்று எழுதியிருப்பார்கள். நேட்டாலில் அந்த மனிதர் இறக்கும் வரை பல ஆவணங்களில் அந்த எண் அவரோடு கூடவே போகும். டர்பன் உறவினர் உண்மையிலேயே மரத்தைத் தோண்டி எடுத்திருந்தால் அந்த எண் அவரிடம் இருக்க வேண்டும். அவரிடம் முதலில் கேட்க வேண்டியது அதுதான். எண் கிடைத்துவிட்டால் துழாவல் முடிந்தது. ஒரே ஒரு பதிவைத்தான் பார்க்க வேண்டும்.

அந்தக் கப்பல் பட்டியல்களைத் தட்டச்சு செய்து இலவசமாகப் பார்க்கத் தந்தது டர்பனில் உள்ள குவாசுலு நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி லுதுலி ஆவண மையம். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஒரு கிறிஸ்தவத் திருச்சபை நடத்தும் 'ஃபேமிலி சர்ச்' (FamilySearch) தளமும் இலவசம். கணக்குத் தொடங்கினால் போதும். நேட்டாலில் உள்ள பீட்டர்மாரிட்ஸ்பர்க் நகரின் பழைய சொத்துக் கோப்புகள் அதில் இருக்கின்றன. இறந்தவரின் மனைவி மக்கள் பெயர்கள் அந்தக் கோப்புகளில் வரும் என்பதால், டர்பன் மரத்தின் நடுக்கிளைகளைச் சரிபார்க்க அவை உதவும்.

பட்டியலைப் படிக்கும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். அதில் வரும் மதுரை ஜில்லா இன்றைய மதுரை மாவட்டம் இல்லை. 1910இல் ராமநாதபுரம் ஜில்லா பிரிக்கப்படும் வரை சிவகங்கையும் ராமநாதபுரமும் மதுரை ஜில்லாவில்தான் இருந்தன. திண்டுக்கல் தனி மாவட்டமானது 1985இல். ஆகவே 'மதுரை' என்று கண்டதும் நம்மவர் என்று முடிவு கட்டாதீர்கள். தாலுகாவும் கிராமமும் பொருந்த வேண்டும். அவையும் பொருந்தினால் டர்பன்காரரிடம் குலதெய்வம் எது என்று கேளுங்கள். நேட்டால் குடும்பங்கள் பலவற்றில் தமிழ் மறைந்த பின்னும் வழிபாட்டுப் பெயர்கள் மறையவில்லை. கப்பல் பட்டியலில் குலதெய்வம் இல்லை என்பதால் அங்கிருந்து பார்த்து எழுதி அவர் அதைச் சொல்லிவிட முடியாது. காசு வாங்கும் எந்தத் தளமும் தராத சான்று அது.

உங்கள் ஊர் மூத்தவர் ஒருவர் "அவர் போனது இலங்கைக்கு" என்று சொல்வதாகவும் குறிப்பிட்டிருக்கிறீர்கள். அது உண்மையானால் நிலைமை வேறு. ஆள் சேர்க்கும் கங்காணி மூலம் இலங்கைத் தோட்டங்களுக்குப் போனவர்களுக்கு நேட்டாலைப் போல ஆளுக்கொரு எண்ணும் முழு விவரமும் கொண்ட பட்டியல் இல்லை. அப்போது எந்தச் சந்தாவும் உங்களுக்குப் பயன்படாது. அதைப்போலவே, பெரிய தளங்கள் 'பிரிட்டிஷ் இந்தியப் பதிவுகள்' என்று விளம்பரம் செய்பவை பெரும்பாலும் ஐரோப்பியர், ஆங்கிலோ இந்தியர் குடும்பங்களின் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவுகள். மேலூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம் அவற்றில் இருக்காது.

அரசாங்கப் பதிவுக்குத் தனியாருக்கு ஏன் காசு?

இதை அநியாயம் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் பக்கம் பாதி நியாயம் இருக்கிறது. பதிவேட்டில் உள்ள செய்தி, அதாவது இன்னார் இன்ன தேதியில் இந்தக் கப்பலில் போனார் என்பது, யாருக்கும் சொந்தமில்லை. நீங்கள் அதை நோட்டில் எழுதலாம், உறவினர்களுக்குச் சொல்லலாம், அச்சிடலாம். தளம் காசு வாங்குவது படமெடுத்ததற்கும், பெயர்களை அட்டவணைப்படுத்தியதற்கும், சேமித்து வைப்பதற்கும். மூலப் பதிவேடு ஆவணக் காப்பகத்தில் இருக்கும்வரை, நேரில் போனாலோ நகலுக்கு எழுதினாலோ காப்பகத்தின் கட்டணத்திலேயே அதைப் பெறலாம். வேறொருவரின் கடவுச்சொல்லில் நுழைவது, மொத்தமாக இறக்கிப் பரப்புவது ஆகிய இரண்டையும் தவிர்த்துவிடுங்கள், தளத்தோடு நீங்கள் ஏற்ற ஒப்பந்தத்தை அவை மீறும்.

இன்னொரு தவறான எண்ணத்தையும் திருத்த வேண்டும். தளத்திலிருந்து அச்செடுத்த தாளை "சட்டப்படி செல்லும் சான்று" என்று எழுதியிருக்கிறீர்கள். செல்லாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதிநியம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவு, மின்னணு ஆவணத்தோடு முறையான சான்றிதழையும் கேட்கிறது. குடும்ப மரம் என்பது ஒருவர் சொல்லும் கருத்து மட்டுமே. வெளிநாடு வாழ் இந்தியக் குடிமகன் அட்டைக்காக டர்பன் உறவினர் ஆவணம் திரட்டுகிறாரென்றால், அவருக்கும் தென்னாப்பிரிக்கக் காப்பகத்தின் சான்றளிக்கப்பட்ட நகல்தான் தேவைப்படும். காசு செலவழிக்கத் தகுந்த இடம் அது ஒன்றுதான், அதையும் அவரே செலவழிக்கட்டும்.

அண்ணனின் பயம்

130 ஆண்டுகளுக்கு முன் போனவரின் வாரிசு வந்து பங்கு கேட்கவே முடியாது என்று நான் எழுதித் தர மாட்டேன். வழக்குப் போட யாராலும் முடியும். ஆனால் நான்கு தலைமுறை வாரிசுரிமையை ஆவணங்களால் நிறுவ வேண்டும். இடையில் நடந்த பாகப்பிரிவினைகள், கிரயங்கள், நிலத்தை ஒருவர் தனியாக அனுபவித்து வந்தது எல்லாவற்றையும் தாண்ட வேண்டும். கூட்டுக் குடும்பச் சொத்திலிருந்து விலக்கப்பட்டது தெரிந்த நாளிலிருந்து 12 ஆண்டுகள் என்ற கால வரம்பையும் தாண்ட வேண்டும். இணையத்தில் நீங்கள் ஒரு பெயரை உறுதி செய்வதால் இவற்றில் எதுவும் மாறிவிடாது. ஆகவே தேடலை நிறுத்த வேண்டிய அவசியம் எனக்குத் தெரியவில்லை. டர்பன்காரரின் கடிதங்களில் நிலத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். அண்ணன் கவலைப்படும் அந்த நிலத்தில் டர்பன்காரரைவிடப் பன்மடங்கு நெருங்கிய உரிமை உள்ளவர் நீங்கள். பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான உரிமையை 2005 செப்டம்பர் 9 முதல் இந்து வாரிசுரிமைச் சட்டத் திருத்தம் தருகிறது. அந்த நாளில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. மகளுக்குத் திருமணமாகிவிட்டது என்பதும் தடையில்லை. 2004 டிசம்பர் 20க்கு முன்பே பதிவு செய்யப்பட்ட பாகப்பிரிவினை நடந்திருந்தால் அது கலையாது. நடந்ததா என்பது உங்கள் கடிதத்தில் இல்லை. உங்கள் அண்ணனோடு சண்டை மூட்டுவதற்காக இதை எழுதவில்லை. பங்கைப் பற்றிய பேச்சை அவரே எடுத்திருக்கும்போது, உங்கள் நிலையைத் தெரிந்துகொண்டு பேசுவது நல்லது.

டர்பன் உறவினருக்கு எழுதும்போது இரண்டு எச்சரிக்கை. உயிரோடு இருப்பவர்களின் பிறந்த தேதி, தாயின் பிறந்தவீட்டுப் பெயர், பேரப்பிள்ளைகளின் படங்கள் ஆகியவற்றை எந்தப் பொதுமரத்திலும் ஏற்றாதீர்கள். வங்கிகள் அடையாளம் கேட்கும்போது கேட்பவை இவையே. அடுத்து, உறவை உறுதி செய்யும் உறுதிமொழிப் பத்திரம், பொது அதிகாரப் பத்திரம் என்று ஏதாவது கையெழுத்துக்கு வந்தால், அனுப்பியவர் எவ்வளவு நெருங்கியவராக இருந்தாலும் கையெழுத்திடாமல் அதை எனக்கோ உங்களுக்குத் தெரிந்த வழக்கறிஞருக்கோ அனுப்புங்கள். பழைய பாகப்பிரிவினைப் பத்திரம் வீட்டில் இருந்தால் அதன் நகலும், மகனின் கைபேசியில் அந்த முன்னறிவிப்புச் செய்தி இருந்தால் அதன் படமும் அடுத்த கடிதத்தோடு வரட்டும்.